கள்ளக்குறிச்சியில் ஓடிய ஆகாசக் கப்பல்

1

சர்க்கரைக் கிழங்கு வேகிற வாசனை. அக்டோபர் பிறந்ததும், வட கடல் பக்கத்துக் க்ரோனிங்கன் நகரத்தின் கூரைகள் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரின் மேற்கு ஓரத்தில் சர்க்கரை ஆலை. மண் ஒட்டிய பீட் கிழங்கு லாரி லாரியாக உள்ளே போகிறது, வெள்ளை ஆவியாக வெளியே வருகிறது. இந்த ஊர்க்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சன்னலைச் சாத்துகிறார்கள். நான் திறந்து வைக்கிறேன். பாகும் ஈர மண்ணும் கொஞ்சம் அழுகலும் கலந்த வாசனை அது. கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவன் மூக்கில் அது வேறு எதுவாக நுழையும்?

சென்ற அக்டோபரில் ஒரு நாள், அந்த வாசனைக்கு நடுவே, பஸ் நிறுத்தத்தில் நானும் என் மகள் தென்றலும் நின்றிருந்தோம். அவளுக்குப் பதினேழு வயது. என்னோடு நிற்கும்போது காதில் எதையாவது மாட்டிக்கொண்டு நிற்பாள். அன்று மாட்டவில்லை. நிறுத்தத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விண்வெளிக் கப்பல்கள், சாம்பல் நிறக் கோள், இரண்டு நிலவுகள். எங்கள் ஊரில் ‘ஆகாசக் கப்பல்’ என்று தமிழ் பேசிக்கொண்டு வந்த படத்தின் ஏழாவது பாகம். கடைசிப் பாகம்.

எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள மிஞ்சியிருப்பது அந்தப் படங்கள் மட்டும்தான். ஆசையாக ஆரம்பித்தேன்.

“இதுலயாவது அந்த அக்கா வருவாளா?”

“எந்த அக்கா?”

“கப்பல் ஓட்டுவாளே. எரிஞ்சி போனதுக்கப்புறம் ஆத்தங்கரைக்குத் திரும்பி வந்தாளே.”

மகள் என்னை ஏதோ அயல்கோள் பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “அப்பா, அவங்க செத்துட்டாங்க. முதல் படத்துலயே. திரும்பி வரவே இல்ல.”

“வந்தா. நான் பாத்தேன்.”

“நீங்க படத்தையே பாக்கல. எனக்காகப் பாக்கற மாதிரி நடிச்சிருக்கீங்க. எப்பவும்.”

பஸ் வந்தது. ஏறியதும் காதில் மாட்டிக்கொண்டாள்.

2

பின்னால் வந்த பாகங்களை மகளோடு பார்த்திருக்கிறேன், முதல் பாகம் மட்டும் ஊர்க் கொட்டகையில் பார்த்ததோடு சரி. அன்று மாலையே யூசுப்புக்குப் போன் போட்டேன். யூசுப் என் பள்ளித் தோழன். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் அவன் அத்தா வைத்த பாத்திரக்கடையை இப்போது அவன் நடத்துகிறான்.

“ஆகாசக் கப்பல்ல அக்கா ஆத்தங்கரைக்கு வந்தாளா இல்லியாடா?”

“முப்பது வருசம் கழிச்சி இன்னாடா கேள்வி இது. அங்க ஒனக்கு வேலவெட்டி எதுவும் இல்லியா?”

“என் பொண்ணு வரலன்றா.”

 போனில் ஒரு பித்தளை அண்டாவைத் தரையில் வைக்கிற சத்தம். “ஒன் பொண்ணு சொல்றது ரைட்டு. நம்ம கொட்டாயில ரீலு மாறிப்போச்சி. அப்பறந்தான் எனக்கே தெரியும்.”

அவன் சொன்னது இது. அப்போது ஒரே படப் பிரதியை இரண்டு ஊர்க் கொட்டகைகள் பங்கு போட்டுக்கொள்ளும். சின்னசேலத்தில் காட்சி முன்னால் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் கட்டி எங்கள் ஊருக்குக் கொண்டுவருவார். அவர் வழியில் இருக்கும்போது அடுத்த ரீல் முடிந்துவிட்டால் அதைப் பஸ்ஸில் ஏற்றி கண்டக்டர் கையில் ஒப்படைப்பார்கள். படம் வந்த முதல் நாள், நாலாவது ரீலோடு வந்த வண்டி வழியில் பஞ்சர். ஐந்தாவது ரீலோடு வந்த பஸ் அவரைத் தாண்டி வந்துவிட்டது. கண்டக்டர் அவருக்குக் கையும் ஆட்டிவிட்டு வந்தாராம். கொட்டகையில் மூன்றாவது ரீல் முடிந்து திரை வெள்ளையாகக் கிடக்கிறது. ஜனம் நாற்காலியை உடைக்கிறது. ஆபரேட்டர் கையில் இருந்த ஐந்தாவது ரீலை மாட்டினார். அது ஓடி முடிவதற்குள் வந்து சேர்ந்த நாலாவதை அதன் பின்னால் மாட்டினார்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அக்கா, ஒரு தம்பி. சாம்பல் ராஜா என்பவன் அவர்கள் ஊரை அழித்துவிட்டான். அக்கா ஓட்டைக் கப்பல் ஒன்றை ஓட்டுகிறாள். நாலாவது ரீலில் இருவரும் வெள்ளியாய் ஓடுகிற ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா ரொட்டியைப் பிய்த்துப் பெரிய துண்டைத் தம்பியிடம் கொடுத்து, “பயப்படாதே, பக்கத்துலதான் இருக்கேன்” என்கிறாள். ஐந்தாவது ரீலில் கப்பலோடு சாம்பல் ராஜாவின் கோட்டைக் கதவில் மோதி எரிந்துபோகிறாள். அதுதான் முறை. எரியப் போகிறவள் சொல்லிக்கொண்டு போகிற விடை அந்த ஆற்றங்கரை.

எங்கள் கொட்டகையில் முதலில் எரிந்தாள். தம்பி கதறினான். பிறகு ஆற்றங்கரையில் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள்.

அன்று கொட்டகையில் எழுந்த சத்தம் எனக்கு இன்றும் உடம்பில் இருக்கிறது. முன் வரிசையில் யாரோ சூடம் கொளுத்தினார்கள். மறுநாள் ரீல்கள் ஒழுங்காக வந்தன, ஆபரேட்டர் ஒழுங்காக ஓட்டினார், முந்தின நாள் கதை கேட்டு வந்த கூட்டம் “எங்க அக்கா எங்கடா” என்று மேனேஜர் அறைக்குள் புகுந்துவிட்டது. மேனேஜர் மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்து ஒரே உத்தரவு போட்டாராம்: “நேத்து ஓட்டுன மாதிரியே ஓட்டுய்யா.” படத்தைக் கொட்டகையிலிருந்து எடுக்கும்வரை எங்கள் ஊரில் அவள் செத்த பிறகு வந்துகொண்டே இருந்தாள்.

“நம்ம டியூஷன் மல்லிகாவுக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன்.

“அவகிட்ட சொல்ற தைரியம் எவனுக்குடா இருக்குது?” என்றான் யூசுப். “நீயும் வாயத் தொறந்துடாத. ஒன் பொண்ணு வாயையும் தச்சிடு.”

3

ஒரே படத்தை நாங்கள் யாரும் ஒரே காரணத்துக்காகப் பார்க்கவில்லை.

யூசுப்புக்குக் கப்பல். “கவனிச்சியா, ஒரு சாமான்கூடப் புதுசு இல்ல. நசுங்கனது, ஒட்டுப்போட்டது, ஈயம் பூசனது. வானத்துல பறக்கறவன்லாம் பளபளன்னு இருக்கணும்னு எவன் சொன்னான்?” எதிர்காலம் என்பது ரிப்பேர் செய்துகொள்ளக்கூடியது என்று யூசுப் அந்தப் படத்தில்தான் கற்றான். கடையில் நசுங்கின குடத்தைத் தட்டி நிமிர்த்தும்போது அவன் முகத்தில் இன்றும் அந்த மாலுமிக் களை.

கரியாலூர் சின்னையனுக்கு மூடுபனி நிலவில் வாழ்கிற சனங்கள். விடுதியில் தங்கி எங்களோடு படித்தவன் அவன், கல்வராயன் மலைக்காரன். எல்லாரையும் தமிழ் பேச வைத்த டப்பிங்காரர்கள் அந்தச் சனங்களை மட்டும் அவர்கள் மொழியிலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் வாய் திறந்தாலே கொட்டகை சிரிக்கும். சின்னையன் சிரிக்க மாட்டான். முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேட்பான்.

எனக்கு ஒரு மௌனம். கப்பல் ஒளியைத் தாண்டித் தாவுவதற்கு முன்னால் படத்தில் எல்லாச் சத்தமும் நின்றுபோகும். பீடிக் கனைப்பு நிற்கும், முறுக்கு நொறுங்குவது நிற்கும், கைக்குழந்தைகூட நிறுத்திவிடும். அந்த ஒரு நொடி ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நிற்கும். பிறகு பாய்ச்சல். கதை கவிதை என்று நான் எழுதிய வரிகள் எல்லாம் அந்த நொடியைப் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவை.

மல்லிகாவுக்கு அக்கா.

மல்லிகா எங்களோடு டியூஷன் படித்தவள். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் குடியானவ வீட்டுப் பெண். படம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் அவளுடைய அக்கா பூங்கொடி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மல்லிகா அப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வீடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு சோறு இறங்காமல் கிடந்தவளை டியூஷன் கூட்டத்தோடு இழுத்துக்கொண்டு படத்துக்குப் போனோம். வெகு காலம் கழித்து ஒரு முறை என்னிடம் சொன்னாள்: “அவ வந்து ரொட்டியப் பிச்சிக் குடுத்தா பாரு, அன்னிக்கித்தான், கதிரு, எனக்குப் பசிச்சிது.”

அவள் நர்ஸ் ஆனாள். மலைக்கிராமங்களில் பிரசவம் பார்த்தாள், ஊசி போட்டாள், கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அதற்கு நடுவே ஆகாசக் கப்பலின் ஒவ்வொரு பாகம் வந்தபோதும் கொட்டகைக்குப் போனாள். டிவியில் போட்டால் பார்க்க மாட்டாள், பொட்டியில வெட்டி வெட்டிக் காட்றானுங்க என்பாள். அடுத்த ஐந்து பாகங்களிலும் அக்கா இல்லை. மல்லிகாவுக்கு அது குறையாகவே படவில்லை. “எரிஞ்சே திரும்புனவ. எங்கியோ சுத்திக்கினு இருப்பா. கடைசில வருவா பாரு.”

இப்போது கடைசி வந்துவிட்டது.

4

இங்கே என் நாள் ரயில் நிலையத்துக்கு அடியில் கழிகிறது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் வேலை. ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் இரட்டை அடுக்கில் தொங்குகின்றன, நான் அவற்றின் நடுவே நடக்கிறேன். மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்ததால் அவள் பின்னால் வந்தவன் நான். நகராட்சியில் பதிவு செய்யப் போன அன்று குடும்பப் பெயர் கேட்டார்கள். இல்லை என்றேன். இல்லாமல் இருக்க முடியாது என்றார் அந்தம்மாள், மிகவும் இரக்கமாக. கடைசியில் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அதிலிருந்து தபால்காரர், பல் மருத்துவர், மின்சாரக் கம்பெனி எல்லாரும் “மெனேர் ராமசாமி” என்கிறார்கள், மெனேர் என்றால் ஐயா. விருத்தாசலம் தாண்டாத நைனார்பாளையத்து ராமசாமியை ஒரு வட கடல் நகரம் தினமும் அதிகாரபூர்வமாகக் கூப்பிடுகிறது. நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

மொழி இன்னொரு கூத்து. போனில் புரியாத எதற்கும் “யா, யா”, ஆமாம் ஆமாம், என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அப்படிச் சொல்லித்தான் ஒரு முறை, பேட்டைக் குழந்தைகள் ஆடு கோழி பார்க்கிற பண்ணைக்குச் சனிக்கிழமைத் தொண்டர் ஆகிவிட்டேன். ரப்பர் பூட்சு கொடுத்தார்கள். மாட்டுச் சாணம் அள்ளாமல் தப்பிக்கத்தான் நைனார்பாளையத்தில் புத்தகத்தைத் தூக்கினேன். இங்கே ஆட்டுப் புழுக்கை அள்ளுகிறேன், மனமுவந்து. மகள் பார்த்துவிட்டு, “அப்பா, எதுக்கு யா சொன்னோம்னு ஒரு தடவையாவது திரும்பக் கேளுங்க” என்றாள்.

அவள் இந்த நாட்டின் பிள்ளை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வாள், சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. நான் கேள்விக்குப் பதில் தேடும்போது கேட்டவர் முகத்தைப் பார்ப்பேன். அவள் கேள்வியைப் பார்ப்பாள். கோடை விடுமுறையின்போதே சொல்லிவிட்டாள்: “இந்தியாவுக்கு இன்னும் ஒரு தடவை வரேன். பதினெட்டு ஆனதுக்கப்புறம் நீங்களும் அம்மாவும் மட்டும் போங்க. அங்க எனக்குன்னு எதுவும் இல்லப்பா. எல்லாம் உங்களோடது.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னாள்.

அதனால்தான் டிசம்பரில், மனைவிக்கு விடுப்புக் கிடைக்காதபோதும், மகளை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். கடைசிப் பாகத்தை என் கூட்டாளிகளோடு எங்கள் ஊரில் பார்ப்பது என்று ஏற்பாடு. ஒரே ஒரு இழை, அதையாவது அந்த மண்ணில் கட்டிவிட்டு வரலாம் என்று ஆசை. அவள் அதற்கு முந்தின வாரமே தோழிகளோடு க்ரோனிங்கனில் படத்தைப் பார்த்துவிட்டாள்.

விமானத்தில் கேட்டேன். “வராளா?”

“வரல. பேர் மட்டும் ஒரு தடவை வருது.”

ரீல் மாறிய கதையையும் மல்லிகாவின் கதையையும் சொன்னேன்.  அவள் கண்களில் சிரிப்பு இல்லை.

“நானா போய்ச் சொல்ல மாட்டேன்” என்றாள். “ஆனா அவங்க கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”

5

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. கொட்டகை இருந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும் நாற்காலியும் ஏசியும் வந்துவிட்டன. யூசுப் ஒரு பை நிறைய முறுக்கோடு வந்தான். உள்ளே விட மாட்டார்கள் என்று வாசலிலேயே எங்கள் கையில் திணித்துத் தின்ன வைத்தான். சின்னையன் மலையிலிருந்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான், சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஜீப். மல்லிகா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா மல்லிகா, படத்துக்கு வந்தியா கல்யாணத்துக்கு வந்தியா?” என்றான் யூசுப்.

“வர்றவங்களுக்கு ஒரு மரியாத வேணாமா?” என்றாள். யூசுப் முறுக்குப் பையைச் சுருட்டினான். அவளே தென்றல் பக்கம் திரும்பினாள். “இவதானா ஒன் பொண்ணு? அப்பன மாதிரியே முட்டக்கண்ணு.”

“எல்லாரும் அம்மா மாதிரின்னு சொல்வாங்க அத்தே.”

“சொன்னவங்களுக்கு மொதல்ல கண்ணு டெஸ்ட் எடுக்கணும். வா, எம்பக்கத்துல உக்காரு.”

இப்படித்தான் என் மகளும் மல்லிகாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் இந்தப் பக்கக் கடைசியில். படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இருவர் முகத்திலும் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு புதுக் கப்பல் வரும்போதும் மல்லிகா நிமிர்ந்தாள். கதவு திறந்து வேறு யாரோ இறங்கினார்கள். சாய்ந்தாள். மறுபடி நிமிர்ந்தாள். அந்த மௌன நொடி வந்தது, எங்கள் ஊர் அதை மறக்கவில்லை. செல்போனில் பேசிக்கொண்டிருந்தவன்கூட வாயை மூடினான். எனக்குக் கண் கலங்கியது.

முடிவில் தம்பி கிழவனாகி, அந்த வெள்ளி ஆற்றங்கரைக்கு வருகிறான். அக்காவின் பெயரை ஒரு முறை சொல்கிறான். ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை ஒரு கல்லின் மேல் வைக்கிறான். காத்திருக்கிறான். தண்ணீர் ஓடுகிறது. திரை இருள்கிறது.

விளக்கு போட்டார்கள். ஜனம் எழுந்தது. பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன.

“போலாமா?” என்றான் யூசுப், மெதுவாக.

“இரு. பேருக்கப்பறம் ஒரு சீனு வெப்பானுங்க இப்பல்லாம்.”

நாங்கள் மூன்று ஆண்களும் வழியில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தோம். என் மகளுக்குத் தெரியும், பெயர்களுக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. மல்லிகா பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்டறியாத நூற்றுக்கணக்கான பெயர்கள் ஏறி முடியும்வரை, பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு காலடிக்கு வரும்வரை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை வெள்ளையானது. அப்போதும் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

டீக்கடையில் மல்லிகா கேட்டாள்: “வெட்டிட்டானுங்களா?”

நியாயமான சந்தேகம்தான். அடுத்த காட்சிக்கு நேரமாகிறது என்று பாட்டையும் சண்டையையும் வெட்டி எறிந்த கொட்டகைகளில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

“ஆமா ஆமா, வெட்டிட்டானுங்க” என்றான் யூசுப், அவசரமாக. “மத்தியான ஆட்டத்துக்கு டைம் பத்தாதுல்ல. திருட்டுப் பசங்க.”

மல்லிகா அவனைப் பார்க்கவில்லை. டீயை ஊதிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மல்லிகா டம்ளரை வைத்துவிட்டு, டூட்டி இருக்கிறது என்று கிளம்பினாள். பட்டுப்புடவையில் யார் டூட்டிக்குப் போவார்கள்?

6

சின்னையன் எங்களைக் கரியாலூருக்கு ஏற்றிப் போனான். ஜீப் வளைவுகளில் திரும்பத் திரும்பக் காற்று குளிர்ந்தது. மரவள்ளிக் காடுகளுக்கு மேல் மூடுபனி இறங்கியிருந்தது.

தென்றல் முன் இருக்கையில் இருந்தாள். “மாமா, உங்களுக்கு அந்த மூடுபனி நிலவுக்காரங்களத்தான் பிடிக்குமாமே. ஏன்?”

சின்னையன் ஒரு வளைவு முழுக்க யோசித்தான். “ராஜா வந்து கீழ எறங்கி வான்றான். அவங்க போவல. ஏன் போவலன்னு ஒரு வார்த்தகூட நமக்குப் புரியற மாதிரி சொல்லல. அது எனக்குப் புடிச்சிது. நான் கீழ விடுதிக்கு வந்தப்ப பேசறதெல்லாம் அவங்களுக்குப் புரியணும்னு ஒவ்வொரு வார்த்தையா மாத்திக்கினே இருந்தேன் பாப்பா.”

“ஐயோ” என்றாள் அவள். அந்த ஐயோவில் ஆச்சரியம் இருந்தது. “எனக்கும் அதான் மாமா. அந்தப் படத்துல எல்லாருமே எங்கிருந்தோ வந்தவங்க. எல்லார் பேச்சும் ஒரு மாதிரி இருக்கும். நிஜமா நீ எந்த ஊருன்னு யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க.”

பதினேழு வருடம் அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இதை நான் கேட்டதில்லை. வம்சாவளிகளும் வரைபடங்களும் பாகங்களின் வரிசையும் அவளுக்கு மனப்பாடம் என்று தெரியும். எல்லாம் வெறும் விவரப் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். குடியேறுவதற்கு ஓர் ஊர் தேடியிருக்கிறாள் பிள்ளை.

சின்னையன் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு, அருவிக்குப் போகிற பாதையில் நாங்கள் இருவரும் நடந்தோம்.

“நாம ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மல்லிகா ஒன்னக் கேப்பா” என்றேன். “அங்க வந்தாங்க, இங்க வெட்டிட்டாங்கன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்த. ஒனக்கு அதனால இன்னா நஷ்டம்?”

“அவங்க பிரசவம் பாக்கறாங்கப்பா. செத்துப் பொறந்த குழந்தையக் கையில ஏந்தி அம்மாகிட்ட சொல்றவங்க. நீங்களும் யூசுப் மாமாவும் அவங்களச் சின்னப் பிள்ளையா வெச்சிருக்கீங்க.”

“அது வேற இது வேற. முப்பது வருசம் காத்திருக்கா.”

“அதான். என்னை விடப் பெரிய ரசிகை அவங்க. நான் வரிசைதான் படிச்சேன். அவங்க காத்திருந்தாங்க.” கொஞ்ச தூரம் நடந்தாள். “அவங்ககிட்டப் போய் எப்படிப்பா பொய் சொல்றது?”

அருவியின் சத்தம் கேட்கத் தொடங்கியது. 

7

மறுநாள் காலை கள்ளக்குறிச்சி பஸ் நிலையம். சென்னை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. யூசுப் எங்கள் பெட்டிகளைத் தானே ஏற்றினான். மல்லிகா சீருடைப் புடவையில், டூட்டிக்குப் போகிற வழியில் வந்தாள். கையில் மலைத்தேன் பாட்டில் சுற்றிய பிளாஸ்டிக் பை.

“கதிரு, நீ ஏறு. நான் இவளாண்ட பேசணும்.”

ஏறவில்லை. யாரும் நகரவில்லை.

“தென்றலு, நேத்து பேரு ஓடி முடியற வரைக்கும் எங்கூட உக்காந்துக்கினு இருந்த. ஒன்னும் வராதுன்னு தெரிஞ்சிதான உக்காந்த?”

“ஆமா அத்தே.”

“அப்ப இவனுங்க வெட்டல.”

“வெட்டல.”

“பஸ்ஸு எடுக்கப் போறான்” என்றான் யூசுப்.

“நீ சும்மா இருடா பாத்திரக்கட.” கண்ணை அவள் மேலிருந்து எடுக்காமலே சொன்னாள். “மொதப் படத்துல ஆத்தங்கரைக்கு வந்தாளே. அதாவது நெசமா?”

என் மகள் என் பக்கம் திரும்பவில்லை. மல்லிகாவின் பை பிடித்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது அவங்க சாகறதுக்கு முன்னாடி வர்ற சீன் அத்தே. எரியப் போறோம்னு தெரிஞ்சி தம்பிகிட்டப் பேசிட்டுப் போறாங்க. இங்க ரீல் மாறி வந்துடுச்சி. வேற எந்த ஊர்லயும் அவங்க திரும்பி வரல.”

மல்லிகா யூசுப்பைப் பார்த்தாள். அவன் கைலியின் மடிப்பைச் சரிசெய்தான். என்னைப் பார்த்தாள். எனக்குச் சரிசெய்ய எதுவும் இல்லை.

“ரெண்டு பேருக்கும் தெரியும்” என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

பையின் முடிச்சை அவிழ்த்தாள், திரும்பப் போட்டாள். ஒரு சிற்றுந்து எங்கள் பின்னால் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் எல்லாரையும் ஒரு ஊசியில் குத்திவிட்டுப் போவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் முகம் கணக்குப் போடுகிற முகமாக இருந்தது. எரியப் போறோம்னு தெரிஞ்சி, தெரிஞ்சி, என்று உதடு அசைந்தது.

“பெரிய துண்ட அவன்கிட்டக் குடுத்தா” என்றாள்.

“ஆமா அத்தே.”

“தெரிஞ்சே குடுத்திருக்கா.” மூக்கை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். பிறகு, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சிரித்தாள். “அப்ப ஒலகம் பூரா அவள முப்பது வருசமா செத்தவளாவே பாத்துக்கினு இருந்திருக்குது. பாவம்டி. அடுத்த படம் வந்துச்சா, வருவாளான்னு போயி உக்கார்றது ஒன்னு இருக்குது பாரு. அது அவங்க யாருக்கும் குடுத்து வெக்கல.”

“எனக்கும் இல்ல அத்தே” என்றாள் என் மகள். “நான் எல்லாத்தையும் வரிசையா பாத்துட்டேன்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். தேன் பையை அவள் கையில் திணித்து, தோளைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டாள் மல்லிகா. நானும் ஏறினேன். பஸ் நகர்ந்தது. சன்னலோரம் கூடவே வேகமாக நடந்து வந்தாள்.

“அடுத்த லீவுக்கு வா. நம்மூருக் கதைய நான் சொல்றேன், மொதல்லேருந்து.”

தென்றல் சன்னல் கம்பிகளுக்கு வெளியே கையை நீட்டினாள்.

“மொதல்லேருந்து வேணாம் அத்தே. அவங்க செத்ததுக்கு அப்புறத்துலேருந்து சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.”